வயிற்றெரிச்சலோடு சொன்ன புத்திமதி

1

இந்தக் கதை எனக்கு என் நாயின் நகத்தால் கிடைத்தது. ஐயோவாவில் நான் குடியிருக்கும் ஊரில், கால்நடை டாக்டரின் உதவியாளர் ஜோலீன், நகம் வெட்டிக்கொண்டே சொன்னாள்.

முதல் வரியாக ‘ஜோலீன் நல்ல தாய்’ என்று எழுதி அடித்துவிட்டேன். நல்ல தாய்தான். ஆனால் கதை அவளுடைய பொறாமையைப் பற்றியது.

2

மகள் டெலேனிக்கு இரண்டு இடங்களில் அனுமதி கிடைத்தது. ஒன்று கிழக்கே, பெயரைச் சொன்னாலே புருவம் உயரும் கல்லூரி. இன்னொன்று பக்கத்திலேயே, மாட்டுக்கொட்டகை வைத்திருக்கும் மாநிலப் பல்கலைக்கழகம். டெலேனியின் கண் அங்கே வாங்கும் முதல் பட்டத்தில் இல்லை. அதை முடித்தபின் சேரவேண்டிய கால்நடை மருத்துவப் படிப்பில்.

ஜோலீனும் ஒரு காலத்தில் அதற்குத்தான் ஆசைப்பட்டாள். அதே மாதிரி பெரிய பெயருள்ள கல்லூரியில் சேர்ந்தாள். வேதியியல் காலை வாரியது. மதிப்பெண் சரிய, கால்நடை மருத்துவக் கல்லூரி இரண்டு முறை கைவிரித்தது. அங்கே பார்ப்பது முதல் பட்டம் வாங்கிய இடத்தின் பெயரை அல்ல, மதிப்பெண்ணையும் விலங்குகளோடு பழகிய அனுபவத்தையும்தான் என்று பட்டுத் தெரிந்துகொண்டாள்.

ஆக, மாநிலப் பல்கலைக்கழகமே சரியான யோசனை. சங்கடம் என்னவென்றால், பொறாமையும் அதையேதான் சொல்லச் சொன்னது. டெலேனிக்கு வேதியியல் தண்ணீர் பட்ட பாடு. தான் விழுந்த இடத்தில் மகள் நிமிர்ந்து நடந்துவிட்டால்—

[இந்த வாக்கியத்தை ஜோலீன் முடிக்கவில்லை. நானும் விட்டுவிட்டேன்.]

3

பாத்திரம் கழுவும்போது டெலேனி கேட்டாள்:

“நீயா இருந்தா எதுலம்மா சேருவ?”

“மாடு இருக்கிற இடத்துல.”

“இத எனக்காகச் சொல்றியா, உனக்காகச் சொல்றியா?”

[முதல் பிரதியில் ஜோலீனை இங்கே அழவைத்திருந்தேன். பொய். அவள் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாளாம்.]

“ரெண்டுந்தான்டி. அந்தப் பெரிய காலேஜுக்குப் போய் நீ ஜெயிச்சா எனக்கு வயிறு எரியும். அதுக்காக நான் சொன்னது தப்பாயிடாது.”

டெலேனி கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைத் தொட்டியில் போட்டுவிட்டு மாடிக்குப் போனாள். காலையில் இறங்கி வந்து, அந்தக் கொட்டகையை ஒருமுறை பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

4

போனார்கள். ஆராய்ச்சிக்காக விலாவில் துளையிட்டு ரப்பர் மூடி பொருத்திய பசு ஒன்று அங்கே சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. சுற்றிக்காட்டிய மாணவி மூடியைத் திறந்தாள். டெலேனி தோள்வரை கையுறை மாட்டி, பசுவின் வயிற்றுக்குள் கையை விட்டாள். உள்ளே அடுப்பு மாதிரி இருக்கிறது என்று சிரித்தாள்.

“எப்படி இருக்கு, டாக்டர்?” என்று மாணவி கிண்டலாகக் கேட்டாள்.

அந்த ஒரு சொல்லில் ஜோலீனுக்கு முகம் சுண்டிப்போனது. ஊரில் அவள் பிடித்து நிறுத்தாத மாடு இல்லை. ஒருவரும் அவளை விளையாட்டுக்குக்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

டெலேனி கையை உருவிக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். பார்த்ததும் புரிந்துவிட்டது போலிருக்கிறது. மாணவியிடம் இன்னொரு கையுறை வாங்கி, அவளே அம்மாவிடம் நீட்டினாள்.

அந்த இலையுதிர்காலத்தில் டெலேனி அங்கேயே சேர்ந்தாள். அதில் சந்தேகமில்லை. கையுறையை ஜோலீன் வாங்கினாளா என்றுதான் தெரியாது. அதற்குள் என் நாயின் நகம் முடிந்து, அடுத்த பூனையைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். வாங்கினால் மகளின் சந்தோஷத்தில் பங்கு பிடுங்குகிறாள். மறுத்தால் மகளைத் தண்டிக்கிறாள். மூன்றாவதாக ஒன்று உங்களுக்குத் தோன்றினால் எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம், பசுவின் வயிற்றை ரொம்ப நேரம் திறந்து வைத்திருக்க முடியாது.