மூன்றாவது வாழ்த்துச் செய்தி

வாழ்த்துச் செய்தி இல்லாமல் ஜனார்த்தனனுக்கு ஒரு விழா மலர் போட வராது. ஊர்ச்சங்க மலரோ அரங்கேற்ற மலரோ, முன்பக்கங்களில் நாலு பெரிய மனிதர்களின் படமும் வாழ்த்தும் இருந்தே ஆகவேண்டும். அந்தப் பழக்கத்தைக் கியூபாக்காரர்களின் தலையிலும் கட்டுவான் என்று அவன் மனைவி தேனுகா கனவிலும் நினைக்கவில்லை.

தேனுகா வேலை செய்வது ரொறன்ரோவின் பார்க்டேலில், ஒரு மாடி அறையிலிருந்து நடக்கும் கியூபாச் செய்தித்தளத்தில். ஆசிரியர் கிளடிஸ், ஹவானாவை விட்டு வந்தவள். அங்கே அரசாங்கம் தளத்தை முடக்கிவிட்டது. சனங்கள் சுற்றுவழியில் வந்து வாசிக்கிறார்கள். ஐந்தாம் ஆண்டுச் சிறப்புப் பக்கத்தைத் தேனுகா கணவனிடம் செய்யக் கொடுத்தாள். வந்ததை ஒழுங்காகப் பாராமல் காலையில் ஏற்றியும் விட்டாள்.

அதில் இருந்த மூன்றாவது வாழ்த்து, அந்த அரசாங்கத்துக்கு ரொறன்ரோவில் கொடிபிடிக்கிற ஒரு மன்றத்தின் தலைவருடையது. "நமது ஒத்துழைப்புத் தொடரட்டும்" என்று எழுதிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்குள் அது கியூபா முழுக்கச் சுற்றியது. மருந்துத் தட்டுப்பாட்டைப் பற்றிப் பேச மூன்று மாதக் கெஞ்சலுக்குப் பிறகு சம்மதித்திருந்த ஒரு தாதி, அந்தப் படத்தையே கிளடிஸுக்கு அனுப்பி, "நீங்களும் அவர்கள் ஆட்களா?" என்று கேட்டாள்.

தேனுகா கணவனுக்குப் போன் எடுத்தாள்.

"ஏனப்பா அந்த மனுசனிட்டைப் போனனீங்கள்?"

"மன்றத்தின்ரை பேரிலை கியூபா எண்டு கிடந்துது, கேட்டன். எங்கடை ஆக்கள் ஒரு கிழமை இழுத்தடிச்சவை. அவர் ஒரு மணித்தியாலத்திலை அனுப்பிப்போட்டார்."

"அனுப்புவார்தானே. இந்தத் தளத்தை மூடவேணுமெண்டு நிக்கிற ஆள்."

"அப்ப எதிர்ப்பக்கத்திலையும் ஒண்டு வாங்கிப் போடுவம். சமனாப் போயிடும்."

தலையைச் சுவரில் மோதலாம் போலிருந்தது அவளுக்கு.

கிளடிஸ் ஏசவில்லை. அதுதான் இன்னும் தாங்கமுடியாமல் இருந்தது. "ஐந்து வருடமாக அரசாங்க ஆட்கள் நம்மை அமெரிக்கக் கைக்கூலி என்றார்கள். இனி இரண்டு பக்கத்துக்கும் கைக்கூலி" என்றாள். பக்கத்தை எடுத்துவிட்டு, நடந்த பிழையைத் தேனுகாவின் பெயரோடு முகப்பில் எழுதினார்கள். ஐந்து மணிக்குத் தாதியிடமிருந்து பதில் வந்தது. "வாசித்தேன். பிழையை ஒப்புக்கொள்கிறவர்களை நம்பலாம். நாளை பேசுகிறேன்." கிளடிஸ் தேனுகாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஜனார்த்தனன் போன் எடுத்தான்.

"தேனு, அந்தத் தலைவர் தன்ரை வாழ்த்தைக் காணேல்லை எண்டு கவலைப்பட்டவர். நான் சமாளிச்சிட்டன்."

"என்னெண்டு?"

"ஏதோ கோளாறு, கெதியிலை திரும்பப் போடுவம் எண்டு உங்கடை தளத்தின்ரை பேரிலை மன்னிப்புக் கடிதம் அனுப்பினனான். அவருக்குச் சரியான சந்தோசம். உடனை பேஸ்புக்கிலை போட்டிட்டார்."

தேனுகா திரும்பிப் பார்த்தாள். கிளடிஸ், நாளைக்குத் தாதியிடம் கேட்கவேண்டிய கேள்விகளை எழுதிக்கொண்டிருந்தாள்.