முயல் கதைச் சிங்களம்

வெள்ளவத்தையில், காலி வீதிச் சோதனைச் சாவடியில் நின்ற இராணுவ லொறிக்குள் வரதராசாவைப் பிடித்துத் தள்ளினார்கள்.

நூலகத்துக்குப் போய்க்கொண்டிருந்த கௌரி அதைப் பார்த்துவிட்டாள். அவளுடைய தம்பி! யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. லொறி புறப்பட்டுவிட்டால் எந்த முகாமில் போய்த் தேடுவது?

ஓடினாள். ஓடும்போதே சிங்கள வசனத்தைக் கோத்தாள்.

வெள்ளவத்தை நூலகத்தில் சனிக்கிழமைகளில் இலவசச் சிங்கள வகுப்பு நடந்தது. நகரில் குண்டு வெடித்த பிறகு யாரும் வரவில்லை, வகுப்பு நின்றது. அதற்குள் எழுத்துகளைப் படித்திருந்த கௌரி விடவில்லை. சிறுவர் பகுதிப் புத்தகங்களை இரவல் எடுத்துத் தானே படித்தாள்.

சார்ஜன்ட் முன்னால் போய் நின்று சிங்களத்தில் சொன்னாள்: "பெருந்தகையீர்! இவ்விளைஞன் எனது சகோதரனாவான்."

சார்ஜன்டின் கண்கள் சுருங்கின. சிங்களவர் வாயில் வராத சிங்களம் அது; அச்சில் மட்டும் இருப்பது.

"எங்கட ஆக்களே இப்பிடிக் கதைக்கிறதில்ல. ஆர் உனக்கு ட்ரெய்னிங் குடுத்தது?"

கையிலிருந்த முயல் படம் போட்ட புத்தகத்தை நீட்டினாள். "இந்நூலை வாசித்துக் கற்றேன்."

"ரேடியோ நியூஸ் மாதிரி இருக்கு சேர்!" ஒரு சிப்பாய் சிரித்தான்.

சார்ஜன்ட் சிரிக்கவில்லை. புத்தகத்தைப் பறித்தார். "மனுசர் கதைக்கிற மாதிரி ஒண்டு சொல்லு பாப்பம்!"

கௌரியின் தலைக்குள் முயல் இருந்தது, ஆமை இருந்தது. மனுசர்தான் இல்லை.

லொறி உறுமியது.

தினமும் பஸ்ஸில் காதைப் பிளக்கும் கண்டக்டரின் கத்தல், திடீரென்று நாக்கில் வந்து விழுந்தது.

"மல்லி, பஹின்ன! பஹின்ன!"

தம்பி, இறங்கு! அதே தொண்டை, அதே இழுவை. வரதராசாவுக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல் அதுதான். பழக்க தோஷத்தில் தொப்பென்று குதித்துவிட்டான்!

துப்பாக்கிகள் நிமிர்ந்தன.

முதலில் வெடித்தது சிப்பாயின் சிரிப்புத்தான். சார்ஜன்டின் மீசையும் ஆடியது.

"ஹரி. யன்ன," என்று கையை வீசினார். சரி, போ.

தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"அக்கா, உங்களுக்கு உந்தக் கண்டக்டர் வேலை எப்பேலிருந்து?"

"வாயை மூடிக்கொண்டு நட."

பின்னால் பூட்ஸ் சத்தம். நெருங்கியது. மணிக்கட்டை இறுக்கினாள்.

சிரித்த சிப்பாய்தான். புத்தகத்தை இரண்டு கைகளிலும் ஏந்தி, குரலைக் கனமாக்கிச் சொன்னான்:

"சகோதரியே, உமது நூல்."

வாங்கக் கௌரியின் கை எழவில்லை. வரதராசாதான் வாங்கினான்.