ஐந்து கேமராக்களின் சாட்சி

அந்த மருந்துக் கிடங்கில் கேமரா மாட்டியவள் அவள்தான். எல்லாவற்றையும் மேய்க்க நடுவில் ஒரு கம்ப்யூட்டர் கிடையாது. ஒவ்வொரு கேமராவும் கண்டதைத் தானே அலசி, ஆள் யார் என்று பக்கத்துக் கேமராவுக்கு இரண்டு வார்த்தையில் சொல்லிவிடும். படத்தை எங்கும் சேர்த்து வைக்காது. "யாரும் திருடவும் முடியாது, திருத்தவும் முடியாது சார்" என்று மேனேஜரிடம் பீற்றிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலையில் அவரே போன் செய்தார். ஒரு பெட்டியைக் காணோம். ஐந்து கேமராக்களும் கைகாட்டியது அவளுடைய கொழுந்தனை. அவள் சிபாரிசில் அங்கே சுமை இறக்கச் சேர்ந்தவன்.

"ஒண்ணு தப்பாச் சொல்லலாம்மா. அஞ்சுமா சொல்லும்? சாயங்காலம் போலீஸுக்குப் போகப்போறேன்."

போனை வைத்ததும் வீட்டில் ஒரு ஆட்டம் ஆடித் தீர்த்தாள். "உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டியேடா! என் முகத்துல கரியப் பூசிட்டியே!" அவன் போட்டிருந்த சீருடையைக் கழற்றி மடித்து வைத்தான்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. கிடங்குக்குப் போய் ஏணியில் ஏறி, ஒவ்வொரு கேமராவும் எழுதி வைத்திருந்த குறிப்பைத் தனித்தனியாகக் குடைந்தாள். நான்கு கேமராக்கள் பார்த்தது பழுப்புச் சீருடையும் பெட்டியும்தான். பெயர் பக்கத்துக் கேமராவிலிருந்து வந்தது. ஐந்தாவதுதான் பெயரைக் கிளப்பிவிட்டது. அதுவும் முதுகை மட்டும் பார்த்து, பாதிக்குப் பாதி சந்தேகத்தோடு.

அந்தச் சந்தேகம் எங்கே போனது? செய்தி சின்னதாக இருந்தால் சட்டென்று போய்ச் சேரும் என்று, சந்தேகத்தை வெட்டிவிட்டுப் பெயரை மட்டும் அனுப்பும்படி அமைத்தவள் அவளே. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். கேமராக்களுக்கு ஊர் வாயை ஒட்டவைத்த புண்ணியவதி இவள்தான்.

மேனேஜரிடம் ஒளிக்காமல் சொன்னாள். "சாட்சி அஞ்சு இல்ல சார், ஒண்ணு. அதுவும் அரைச் சாட்சி. தப்பு என்னுது."

அவர் முகம் சுளித்தார். ஆனால் போலீஸ் பேச்சை விட்டுவிட்டார்.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். கொழுந்தன் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான்.

"கேஸ் இல்லடா! ஒண்ணு சொன்னதையே மத்ததெல்லாம் சொல்லியிருக்கு. எதுவும் உன் முகத்தப் பாக்கவே இல்ல. நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லிட்டாரு."

அவன் நிமிர்ந்தான். "நீங்க என் முகத்தப் பாத்துக்கிட்டுதானே அண்ணி இருந்தீங்க. எடுத்தியாடான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

இப்போது கேட்கலாமா என்று வாயெடுத்தாள். கேட்டால் இன்னும் கேவலம். அவன் பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.