மூச்சை விட்ட பிறகு எடுத்த அளவு

ஒரு முழு மூச்சின் விலை அரை அங்குலத் துணி. கிள்ளானில் என் அத்தாவின், அதாவது அப்பாவின், ஜவுளிக்கடையில் அதுதான் ரேட். ரவிக்கைக்கு அளவெடுக்கும்போது, வந்தவர் மூச்சை வெளியே விடும்வரை காத்திருந்து நாடாவைப் பிடிக்க வேண்டும். உள்ளே இழுத்திருக்கும்போது எடுத்தால் அரை அங்குலம் கூடுதலாகப் போய்விடும். ஒரு ரவிக்கையில் அது ஒன்றுமில்லை. தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் தைப்பதையெல்லாம் சேர்த்தால் ஒரு சுருள் துணி மிஞ்சும். அத்தா முத்து முகம்மது இதைத் திருட்டு என்று நினைத்ததே இல்லை. துணிக்குத்தானே காசு கொடுக்கிறார்கள், மூச்சுக்கா கொடுக்கிறார்கள் என்பார்.

நான் இக்ராம். அந்தக் கடையில் நாடாவும் கையுமாக வளர்ந்தவன். என் அடையாள அட்டையில் வேறொரு பெயரும் பெண் என்ற குறிப்பும் இருக்கின்றன. இரண்டுமே எனக்குப் பொருந்தாத சைஸ். மாற்றிக் கொடுக்கிற கடை இன்னும் கிடைக்கவில்லை. அதனால் கிள்ளானை விட்டுத் தலைநகருக்கு வந்து பிரிக்ஃபீல்ட்ஸில் தனேஷோடு ஓர் அறையில் தங்கியிருக்கிறேன். அவனும் என்னைப் போலத்தான், பெண்ணாக வளர்க்கப்பட்ட ஆண். கிள்ளானுக்குப் பக்கத்து மேரு ஊர்க்காரன். செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறி லோரி ஓட்டுகிறான். நான் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு திரைச்சீலைக் கடைக்காக வீடுவீடாகப் போய் ஜன்னல்களை அளக்கிறேன். ஜன்னல்கள் மூச்சு விடுவதில்லை. நாணயமாக அளக்க முடிகிறது.

நெஞ்சைத் தட்டையாக்க ஒரு உள்ளாடை உண்டு. பைண்டர் என்பார்கள். இறுக்கமாக, கஞ்சி போட்ட காலர் மாதிரி விறைப்பாக இருக்கும். ஆன்லைனில் வாங்கினேன். நெஞ்சின் சுற்றளவைக் கேட்டார்கள். மூச்சை விட்டேன், நாடாவைப் பிடித்தேன், வந்த எண்ணை அனுப்பினேன். யோசித்துச் செய்ததல்ல, கைப்பழக்கம். என் நெஞ்சிலிருந்தே அரை அங்குலம் மிச்சம் பிடித்த வியாபாரி நான்.

முதலில் பகலில் மட்டும்தான் போட்டேன். பிறகு இரவில் கழற்றுவதையும் நிறுத்தினேன். பகலில் வேலை இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், நெஞ்சை மறந்துவிடலாம். படுத்தால் அது ஒன்றுதான் இருக்கும். திரும்பிப் படுத்தால் அதுவும் திரும்பும். எனக்குத் தெரியாத ஒருத்தி என்மேல் படுத்திருப்பது போல இருக்கும். பைண்டரோடு படுத்தால் அவள் இல்லை. நானும் அவ்வளவாக இல்லை. ஒன்றும் தெரியாது. அந்த ஒன்றும் தெரியாததைத்தான் தூக்கம் என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

இடது விலாவில் வலி வந்தபோதும் அது பக்கத்து வீட்டு டிவி போலத்தான் இருந்தது. சத்தம் கேட்கிறது, எழுந்துபோய்ச் சொல்ல மனமில்லை. இருமினால் மட்டும் கண் இருட்டியது. தனேஷ்தான் கிளினிக்குக் கூட்டிப்போனான்.

டாக்டர் புஷ்பவல்லி முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னார். இழுத்தேன். இவ்வளவுதானா என்றார். பைண்டரைப் பார்த்து, இதற்கு யார் அளவெடுத்தது என்று கேட்டபோது, நான்தான் என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லி, எங்கள் கடையின் முறையையும் விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. நானாக இருந்தால் சிரித்திருப்பேன். எலும்பு முறியவில்லை, விலாக்களுக்கு நடுவே உள்ள தசை புண்ணாகியிருக்கிறது என்றார். நுரையீரலின் அடிப்பகுதிக்குக் காற்றே போகவில்லை. இப்படியே போனால் சளி கட்டும், விலா ஒருநாள் விட்டுப்போகும். வலி முழுசாகப் போகும்வரை பைண்டர் வேண்டாம். அதன்பிறகும் சரியான அளவில், பகலில் மட்டும், எட்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது. பேண்டேஜ், டேப் என்று எதையும் சுற்றக்கூடாது. தூங்கும்போது ஒருநாளும் கூடாது. என்னைப் பற்றி வேறெதையும் அவர் கேட்கவில்லை. அடுத்த பைண்டருக்கான அளவைத் தனேஷ் எடுத்தான். நாடாவை என்னிடம் கொடுக்க மறுத்துவிட்டான்.

பகலில் வேலைக்குத் தளர்வான சட்டையும் மேலே ஜிப் வைத்த ஜாக்கெட்டும் போட்டுச் சமாளித்துவிடலாம். இரவுதான் சிக்கல். தனேஷ் விடியுமுன் லோரி எடுப்பவன், இருட்டியதும் படுத்துவிடுவான். அன்று சாயங்காலம் ரொட்டி சானாய்ப் பொட்டலத்தைப் பிரித்ததுமே பேரம் தொடங்கியது.

ஒரு மணி நேரம் கழற்றி வைக்கிறேன் என்றேன். இரவு முழுக்க என்றான். தூக்கம் வரும்வரை போட்டிருந்துவிட்டுக் கழற்றுகிறேன் என்றேன். தூங்கினவன் எப்படிக் கழற்றுவான் என்று கேட்டான். ஒருநாள் விட்டு ஒருநாள் என்றேன். விலா என்ன அரசாங்க ஊழியரா, லீவு போட்டுக்கொள்ள என்றான். நான் அசரவில்லை. துணிக்காரனுக்குப் பொறுமை அதிகம், சரக்கு அழுகாது. காய்கறிக்காரன் வெயில் ஏறுவதற்குள் விற்றாக வேண்டும். சலித்துப்போய் இறங்கி வருவான் என்று காத்திருந்தேன்.

அவன் எழுந்து தன் மெத்தையைச் சுருட்டினான்.

"எங்கடா போறே?"

"ஹாலுக்கு."

"கொசு கடிக்கும்லா."

"கடிக்கட்டும். சொறிஞ்சிக்கிட்டாவது தூங்குவேன். இங்க படுத்தா நீ மூச்சு விடுறியா, நின்னு போச்சான்னு கேட்டுக்கிட்டே கிடக்கணும். நேத்து ஹைவேல கண்ணு சொருகிடுச்சு பாய். பின்னாடி ஒரு லோரி தக்காளி."

மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

போகிற வாடிக்கையாளரை எப்போது திரும்பக் கூப்பிடுவது என்பதில்தான் எங்கள் தொழிலே இருக்கிறது. வாசல் நடையைத் தாண்டும்வரை அத்தா வாய் திறக்கமாட்டார். கூப்பிட்டுவிட்டால் அவர்கள் கேட்ட விலைக்குக் கொடுத்தாக வேண்டும். அதில் மறுபேச்சு கிடையாது. போவதாக நடிக்கிறவர்களை எனக்குத் தெரியும். மெதுவாகப் போவார்கள், காது மட்டும் நம்மிடம் இருக்கும். தனேஷ் வேகமாகப் போனான்.

"தனேஷ்," என்றேன்.

நின்றான். திரும்பவில்லை.

"கழட்டுறேன்."

"ராத்திரி முழுக்க?"

"முழுக்க."

"நாளைக்கும்?"

கூப்பிட்டவன் நான். தலையாட்டினேன். அவன் பார்க்கவில்லை என்பதால் சரி என்று வாயாலும் சொன்னேன்.

மெத்தையை இறக்கியவன் இன்னொரு நிபந்தனை போட்டான். கழற்றியதை உடனே துவைத்துக் காயப்போட வேண்டும். "நடுராத்திரி எழுந்து மாட்டிக்கலாம்னு தோணும். ஈரமா இருந்தா தோணாது. நானும் அப்படித்தான் பழகினேன்," என்றான். இத்தனை நாள் கொடியில் அவனுடையது ஈரமாகவே தொங்குவதைப் பார்த்து, சுத்தக்காரன் என்று நினைத்திருந்தேன்.

மற்றதெல்லாம் அவன் சொல்லச் சொல்லச் செய்தேன். முதலில் விளக்கை அணைப்பது. சுவரைப் பார்த்து மாற்றுவது. இறுக்காத, ஒரு சைஸ் பெரிய பனியன்; உள்ளே விரல்கள் தாராளமாக நுழைய வேண்டும். அதன்மேல் கனமான கறுப்பு டீ-ஷர்ட். ஒருக்களித்துப் படுத்து, தலையணையை நெடுக்காகக் கட்டிக்கொண்டால் கையில் படுவது பஞ்சுதான், உடம்பு இல்லை. மடித்த போர்வையை இடுப்பின்மேல் போட்டான். கனம் வேண்டுமென்றால் அங்கே இருக்கட்டும், நெஞ்சில் வேண்டாம் என்றான். பிறகு அவன் பக்கம் போய்ப் படுத்துக் குறட்டை விட ஆரம்பித்தான்.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மூச்சை இழுத்துப் பார்த்தேன். நான் மறந்துபோன ஓர் இடம்வரை இறங்கியது, விலாவைக் குத்தியது, இருமல் வந்தது. மறுபடி இழுத்தேன். காற்று உள்ளே போனது, வெளியே வந்தது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. எனக்குத் தெரியாத அந்த ஒருத்தியும் வந்து படுத்துக்கொண்டாள். தலையணைக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் தள்ளி.

விழித்தபோது தனேஷ் லோரிக்குப் போயிருந்தான். படுத்தபடியே கணக்குப் பார்த்தேன். தனேஷுக்கு முழுத் தூக்கம் வரவு. எனக்குத் துண்டு துண்டாக, ஒட்டுப்போட்டால் பாதி தேறும். இருமியபோது வலி கொஞ்சம் குறைவு. நெஞ்சு நெஞ்சாகவே இருக்கிறது, அதில் தள்ளுபடி இல்லை. ஓர் இரவு செலுத்தியாயிற்று. மீதி இரவுகள் பாக்கி.