அண்ணன் பிறந்த தேதி

பங்குனி வெயிலில் மதகின் மேல்பலகையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஷட்டரின் பல்சக்கரத்தில் ஏறியிருந்த துருவை முத்தையன் சுரண்டிக்கொண்டிருந்தார். வாய்க்கால் வறண்டு கிடந்தது. மேட்டூர் திறந்து தண்ணீர் வர இன்னும் இரண்டரை மாதம் இருந்தது. அதற்குள் நெடுங்காட்டைச் சுற்றியுள்ள ஐந்து மதகுகளையும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, கிரீஸ் தடவி, ஒரு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட வேண்டும்.

இந்த வேலைக்கு வருஷா வருஷம் ஆபீசில் பத்து பாட்டில் மண்ணெண்ணெய் கொடுப்பார்கள். இந்த வருஷம் நாலுதான் கிடைத்தது. எண்ணெய் விலை ஏறிவிட்டது, பட்ஜெட்டில் துண்டு விழுகிறது, சிக்கனமாக இருக்கச் சொல்லி உத்தரவு என்று ஸ்டோர்காரர் அளந்து ஊற்றும்போதே சொன்னார்.

"துருவுக்கு யாருங்க உத்தரவு போடுறது?" என்று கேட்டுவிட்டு முத்தையன் நாலு பாட்டிலோடு வந்துவிட்டார். அது போதாமல் பாதி வேலையைச் சிரட்டையும் மணலும் போட்டுத் தேய்த்தே செய்தார்.

சக்கரம் சுத்தமானதும் இரும்புச் சாவியை மாட்டித் திருகினார். இந்த மதகு முழுக்கத் திறக்க நாற்பத்திரண்டு சுற்று. முன்பெல்லாம் ஒரே மூச்சில் திருகுவார். இரண்டு மூன்று வருஷமாகப் பதினைந்தாவது சுற்றில் ஒரு தடவை, முப்பதில் ஒரு தடவை என்று நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறார். யாரும் பார்க்காத இடத்தில் நிற்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

இரண்டாவது தடவை நின்றபோது நடராசன் சைக்கிளில் வந்து இறங்கினான். அவனும் மதகு திறந்து மூடும் லஸ்கர்தான். அடுத்த வாய்க்காலின் மதகுகள் அவன் பொறுப்பு. காரைக்கால் எல்லைக்கு அந்தப் பக்கம், பிரெஞ்சுக்காரன் ஆளாத ஊர்க்காரன்.

"அண்ணே, சேதி தெரியுமா? பள்ளிக்கூட சர்டிபிகேட் இல்லாதவங்க எல்லாம் வயசுக்கு அத்தாட்சி கொண்டாரணுமாம். வர்ற மாசத்துக்குள்ள குடுக்கணும்."

"ஏன், இப்ப திடீர்னு?"

"ஆளைக் கொறைக்கப் போறாங்க, வேற என்னா. நான் டாக்டர்ட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டேன். பல்லைப் பாத்தாரு, நாப்பத்தாறுன்னு எழுதிக் குடுத்துட்டாரு. நீங்களும் வாங்கிருங்க."

முத்தையன் சிரித்தார். "நம்ம ஊருல அந்தக் கஷ்டம் இல்லப்பா. பொறப்பு எறப்பு எல்லாத்தையும் பிரெஞ்சுக்காரன் புத்தகத்துல எழுதி வச்சிட்டுப் போயிருக்கான். போனா எடுத்துக் குடுத்துருவாங்க."

அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

முத்தையன் பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே தினக்கூலியாக வாய்க்கால் வேலைக்கு வந்தவர். மஸ்டர் ரோலில் பேர் எழுதி, கைரேகை வைத்து, வாரக் கடைசியில் கூலி வாங்கி இருபத்திரண்டு வருஷம் ஓட்டினார். 1971 டிசம்பர் முதல் தேதியில்தான் பெர்மனன்ட் ஆனார். சர்வீஸ் புத்தகத்தில் பிறந்த வருஷம் 1924 என்று அவர் வாயால் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். அறுபதில் ஓய்வு. பத்து வருஷம் நிரந்தர சர்வீஸ் இருந்தால் மாசாமாசம் பென்ஷன் உண்டு. அவர் போன பிறகு மனைவி அஞ்சுகத்துக்குப் பாதி வரும். அந்தப் பாதியைத்தான் அவர் முக்கியமாக நினைத்தார். அஞ்சுகத்துக்கு மூச்சிழுப்பு. நாலு நாள் நடவுக்குப் போனால் பத்து நாள் படுக்கையில் கிடப்பாள். கட்டிக்கொடுத்த ஒரே பெண் மண்டபத்தூர்ப் பக்கம் கூலி வேலை செய்து இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தாள். நிலம் கிடையாது. வீடு வாய்க்கால் புறம்போக்கில். பத்து வருஷம் முடிய இன்னும் எட்டு மாதம்தான் பாக்கி.

மறுவாரம் காரைக்காலுக்குப் போய்ப் பதிவு அலுவலகத்தில் மனுக் கொடுத்தார். அங்கே பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளைப் படிக்கத் தெரிந்தவர் திருஞானசம்பந்தம் என்ற எழுத்தர் ஒருவர்தான். பத்து வருஷத்துக்கு ஒன்றாக இருந்த பேர்ப் பட்டியலில் விரலை ஓட்டி, உள்ளே போய், தோல் அட்டை போட்ட ஒரு கனத்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"முத்தையன். அப்பா செல்லையன், கூலி. அம்மா பூவாயி. நெடுங்காடு. சரிதானுங்களே?"

"சரிங்க. பூவாயி. ஆமாங்க."

செத்து முப்பது வருஷமான தாயின் பெயரை ஒரு அரசாங்கப் புத்தகத்திலிருந்து இன்னொருத்தர் வாயால் கேட்டதும் முத்தையன் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். வேறு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. எழுத்தர் நகல் எழுதி முத்திரை குத்திக் கொடுத்ததை, படிக்கத் தெரியாததால் அப்படியே பாலிதீன் பையில் மடித்து வைத்து, அன்று சாயந்திரமே வாய்க்கால் ஆபீசில் கொடுத்துவிட்டு, பியூனுக்கு ஒரு டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மூன்றாம் நாள் தலைமை எழுத்தர் கைலாசநாதன் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் சர்வீஸ் புத்தகமும் அந்த நகலும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

"முத்தையா, இதுல நீ பொறந்தது 1921 மே பத்தொம்பதுன்னு இருக்கு. வர்ற மே முப்பத்தொண்ணோட ஒனக்கு அறுபது முடிஞ்சுது."

முத்தையனுக்கு முதலில் விளங்கவில்லை. "இருவத்தி நாலுங்கய்யா. மாசி மாசம்."

"நீ சொல்ற. புத்தகம் வேற சொல்லுது. எழுவத்தொண்ணு டிசம்பர்லேருந்து கணக்குப் போட்டா ஒம்போதரை வருஷந்தான் ஆவுது. ஆறு மாசம் கொறையுது. மாசப் பென்ஷன் கெடையாது. ஒரே தடவையா ஒரு தொகை வரும்."

"அதுக்கு முன்னாடி இருவத்திரண்டு வருஷம் வேலை செஞ்சிருக்கனுங்களே."

"அது மஸ்டர் ரோல். சர்வீஸ்ல வராது."

கைலாசநாதன் கெட்டவர் இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "உக்காரு, தண்ணி குடி" என்றார். முத்தையன் உட்காரவில்லை. வெளியே வந்து சைக்கிள் நிறுத்துமிடத்தில் வெகுநேரம் நின்றார். நின்றபிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

வீட்டில் அஞ்சுகம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்லி முடிக்கும்முன் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏங்க, அது ஒங்க அண்ணனாச்சே! அத்தை சொல்லுவாங்களே, மொதப் பிள்ளை ஒன்றரை வயசுல வாந்திபேதியில போச்சுன்னு. கொலசாமி பேரு ஊட்டுல இருந்தே ஆவணும்னு அடுத்ததுக்கும் அதே பேரை வச்சாங்கன்னு."

"அதான் அஞ்சுகம். அது அவன். நான் இல்ல."

"ஒங்களதை எழுதலியா?"

"எங்க எழுதுறது? அம்மா மாசி அறுவடைக்குப் பேரளம் பக்கம் போன எடத்துல களத்துமேட்டுல என்னைப் பெத்துச்சு. அது அப்ப இங்கிலீஷ்காரன் சீமை. அங்க கூலிக்காரி பிள்ளைய யாரு எழுதினா? ரெண்டு மாசம் கழிச்சு இடுப்புல வச்சுக்கிட்டு இங்க வந்துச்சு."

அஞ்சுகம் சிதறிய அரிசியைக் கூட்டி அள்ளினாள். பிறகு, "பேரை மாத்தி வச்சிருக்கப்படாதா" என்றாள். அறுபது வருஷத்துக்கு முன்னால் செத்த குழந்தையின் மேலும், அதன் பேரை விட மனமில்லாத மாமியார் மேலும் அவளுக்குக் கோபம் வந்தது. வேறு யார்மேல் கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் முத்தையன் திரும்பவும் காரைக்காலுக்குப் போனார். திருஞானசம்பந்தம் விஷயத்தைக் கேட்டுவிட்டு மறுபேச்சுப் பேசாமல் இறப்புப் புத்தகங்களை எடுத்தார். அரைமணி நேரம் பக்கங்கள் புரண்டன.

"இருக்குங்க! 1922 அக்டோபர். முத்தையன், செல்லையன் மகன், வயசு ஒண்ணு, மாசம் அஞ்சு."

"கெடைச்சிருச்சா? நல்லதாப் போச்சுங்க!" என்று முத்தையன் கைகூப்பினார். நகலை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான், பார்த்தேயிராத அண்ணனின் சாவுக்கு இப்படிச் சந்தோஷப்பட்டுவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

அந்தச் சந்தோஷமும் ஆபீஸ் மேஜை வரைக்கும்தான் நீடித்தது. கைலாசநாதன் நகலை இரண்டு தடவை படித்தார்.

"நீ சொல்றது உண்மைதான் முத்தையா. எனக்குத் தெரியுது. ஆனா இதை ஃபைல்ல வச்சா, செல்லையன் மகன் முத்தையன் இருவத்திரண்டுலயே செத்துட்டான்னு ஆவும். அப்ப நீ யாருன்னு கேப்பாங்க. நீ பொறந்ததுக்குக் காகிதம் எங்க?"

"நான் இங்க நிக்கிறனுங்களே."

"நிக்கிறது பத்தாதே."

"நடராசனுக்கு டாக்டர் குடுத்தாரு. நானும் அதே மாதிரி வாங்கியாரட்டுங்களா?"

"அவன் ஊர்ல பதிவே கெடையாது, அதனால டாக்டர் சொல்றதை ஒத்துக்கலாம். நம்ம பக்கம் பதிவு இருக்கே. அதுவும் நீயாவே கொண்டாந்து குடுத்துட்டே. வாங்கினதை நான் ரெஜிஸ்டர்ல ஏத்திட்டேன்."

ஆனாலும் அவர் புதுச்சேரித் தலைமை ஆபீசுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தார். நல்ல மனு. இரண்டு நகல்களையும் இணைத்து, முப்பத்தொரு வருஷ உழைப்பைச் சொல்லி, பரிவுடன் பரிசீலிக்க வேண்டி எழுதியிருந்தார். முத்தையன் தினமும் வேலை முடிந்ததும் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். டீக்கடை ரேடியோவில் விலைவாசி, பற்றாக்குறை, சிக்கனம் என்று யாரோ பேசிக்கொண்டேயிருந்தார்கள். சேமநிதியில் போட்ட பணம் பத்திரமாக வருமா என்று வாத்தியார்கள் இரண்டு பேர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். முத்தையன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அதையெல்லாம் கேட்டார்.

மே இருபத்தெட்டாம் தேதி பதில் வந்தது. பிறந்த தேதியை மாற்றக் கோருவதானால் பணியில் சேர்ந்து ஐந்து வருஷத்துக்குள் கோரியிருக்க வேண்டும். காலம் கடந்த மனு நிராகரிக்கப்படுகிறது.

"மாத்தினது நான் இல்லீங்களே," என்றார் முத்தையன். "பத்து வருஷமா புத்தகத்துல இருவத்தி நாலுன்னு இருந்துச்சு. இப்ப மாத்துனது நீங்கதானே."

கைலாசநாதன் கடிதத்தை மறுபடி கையில் எடுத்தார். கடிதத்தின் கீழே இன்னொரு வரி இருந்தது, அதையும் அவர் படித்தாக வேண்டியிருந்தது. காலியாகும் பணியிடம் சிக்கனம் கருதி நிரப்பப்படாது.

முப்பத்தொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமையாகப் போனதால் முந்தின நாளே இரும்புச் சாவியையும், அரிக்கேன் விளக்கையும், காக்கிச் சட்டை இரண்டையும் ஸ்டோரில் ஒப்படைத்தார். நடராசன் ஒரு துண்டு வாங்கிப் போர்த்தினான். அவன் கண்ணை அவர் பார்க்கவில்லை, அவர் கண்ணை அவனும் பார்க்கவில்லை.

அந்த ஜூன் முழுக்க முத்தையன் வீட்டில் இருந்தார். பல வருஷமாக ஒரு ஜூனும் அப்படி இருந்ததில்லை. அஞ்சுகம் நாற்றங்கால் வேலைக்குப் போனாள். மூன்றாம் நாள் இழுப்பு வந்து திரும்பினாள். அவள் முதுகைத் தடவிவிட்டுக்கொண்டு, "எட்டு மாசந்தான்னு எண்ணிக்கிட்டு இருந்தேனே" என்று முத்தையன் சொன்னார்.

மாதக் கடைசியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. ஐந்து மதகும் மூடிக் கிடந்தன. வாய்க்கால் தலைப்பில் தண்ணீர் ஏறிக்கொண்டே போக, வயல்காரர்கள் ஆபீஸில் போய்ச் சத்தம் போட்டார்கள். அன்று மத்தியானம் ஓவர்சியர் தியாகராசன் முத்தையன் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். வேலையில் சேர்ந்து மூன்று வருஷமான இளைஞர்.

"முத்தையன், கொஞ்சம் மதகுக்கு வரீங்களா? போஸ்ட் இல்ல, ஆனா வேலை இருக்கே. மஸ்டர் ரோல்ல தினக்கூலி போட்டுடறேன். ஒங்களைத் தவிர யாருக்கும் அந்தச் சக்கரம் புடிபடல."

முத்தையன் அஞ்சுகத்தைப் பார்த்தார். அவள் உள்ளே போய், ரேஷனில் வாங்கி விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயில் கால் பாட்டில் ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தாள். மஸ்டர் ஆளுக்கு ஆபீஸில் எண்ணெய் தரமாட்டார்கள் என்பது அவளுக்கு இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

மதகில் வயல்காரர்கள் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். ஓவர்சியர் கைப்பிடிச் சுவரின் மேல் தாளை விரித்து எழுதினார். எழுதிக்கொண்டே படித்தார்.

"முத்தையன். த.பெ. செல்லையன். வயசு நாப்பத்தஞ்சு."

முத்தையன் நிமிர்ந்து பார்த்தார்.

"அறுபதுன்னு போட்டா பில்லு பாஸ் ஆவாதுங்க. மஸ்டர்ல அம்பதுக்கு மேல எடுக்கப்படாதுன்னு உத்தரவு," என்றார் தியாகராசன். "யாரும் அத்தாட்சி கேக்க மாட்டாங்க."

மைப்பெட்டியை நீட்டினார். முத்தையன் கட்டைவிரலை அழுத்தி, தாளில் வைத்து எடுத்தார். பிறகு பலகையில் ஏறி, அஞ்சுகம் கொடுத்த எண்ணெயைப் பல்சக்கரத்தில் சொட்டு சொட்டாக விட்டு, சாவியை மாட்டித் திருக ஆரம்பித்தார். ஷட்டர் முனகிக்கொண்டு எழும்பியது. அடியில் தண்ணீர் பிய்த்துக்கொண்டு கிளம்பியதும் வயல்காரர்கள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஓவர்சியர் மட்டும் நாற்பத்தைந்து என்று எழுதிய தாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினைந்தாவது சுற்று வந்தது. முத்தையன் நிற்கவில்லை. முப்பதிலும் நிற்கவில்லை.