ஜெயலீலா சொல்லாத ஆமென்

சனிக்கிழமை சாயங்காலம், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் பால்துரை வீட்டில் ஜெபக்கூட்டம். வந்தவர்களில் பாதிப் பேர் அவருடைய மகன் ஆட்ரியனைப் பார்க்க வந்தவர்கள். பார்க்க என்றால், துக்கம் விசாரிக்க. யாரும் செத்துப்போகவில்லை. டெக்சாஸில் எட்டு வருடமாக பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தவனை டீமிலிருந்து அனுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான். அதற்கு இந்த முகங்களைப் பார்க்கணுமே!

ஆட்ரியனுக்கு முப்பது வயது. ஃபர்ஸ்ட் பேஸ்மேன், அதாவது ஓடி வருகிறவனை முதல் பேஸில் நின்று அவுட்டாக்குகிற ஆள். டிவியில் காட்டுகிற பெரிய லீக்குக்கு ஒரு படி கீழே வரைக்கும் போனவன். அம்மா ஜெயலீலாவுக்கு முதலில் அந்த ஆட்டத்தில் ஒரு மண்ணும் புரியாது. இப்போது அம்பயரைத் திட்டுவதில் நியூஜெர்சியிலேயே அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அன்று காலையில்தான் ஆட்ரியனுக்கு ஒரு போன் வந்திருந்தது. பக்கத்து ஊரில், பெரிய டீம்களோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாத ஒரு சின்ன லீக் டீம். அவர்களுடைய ஃபர்ஸ்ட் பேஸ்மேனுக்கு முழங்கால் போய்விட்டதாம். வருகிறாயா, இன்று ராத்திரி எட்டு மணிக்குள் சொல் என்றார் மேனேஜர். பால்துரையோ திங்கட்கிழமைக்கு ஒரு ஐடி கம்பெனியில் இன்டர்வியூ ஏற்பாடு செய்து வைத்திருந்தார். மத்தியானம் முழுக்க அவர் பேசினார், பையன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஐ வில் திங்க், டாட்" என்றான் கடைசியில். ஆடுவதா வேண்டாமா என்று அவன் யோசித்து ஜெயலீலா பார்த்ததே இல்லை.

பாட்டு முடிந்ததும் சபை மூப்பர் ஜெபசிங் ஜெப விண்ணப்பங்களைக் கேட்டார். ஜெயலீலா வாயைத் திறப்பதற்குள் பால்துரை முந்திக்கொண்டார். "நம்ம ஆட்ரியனுக்கு ஒரு நல்ல வேலை கிடைக்கணும், அண்ணாச்சி. லைஃப்ல செட்டில் ஆகணும்."

எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

"அன்பின் பரம பிதாவே, இந்த வாலிபனை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். வீண் விளையாட்டிலே வருஷங்களைத் தொலைத்துவிட்டான், ஆண்டவரே. இவனுடைய மனக்கண்களைத் திறந்தருளும்…"

சுற்றிலும் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று முனகல். ஜெயலீலா கண்ணைத் திறந்து மகனைப் பார்த்தாள். ஆறடி ஆள், குற்றத்தை ஒப்புக்கொண்டவன் மாதிரித் தலையைக் குனிந்து கார்ப்பெட்டில் உட்கார்ந்திருந்தான். பாவி, இதற்கு ஆமென் சொல்லிவிடுவான் போலிருக்கிறதே! சொன்னால் திங்கட்கிழமை டை கட்டிக்கொண்டு போய்விடுவான்.

"நிறுத்துங்க அண்ணாச்சி. இதுக்கு நான் ஆமென் சொல்ல மாட்டேன்."

கூட்டம் திடுக்கிட்டது. "லீலா, என்ன இது? ஜெபத்துக்கு நடுவுல!" என்றார் பால்துரை.

"நடுவுலதான் சொல்லணும். முடிஞ்சப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்? நான் ஜெபம் பண்றேன். எல்லாரும் கண்ண மூடுங்க."

மூடினார்கள். பக்தியில் அல்ல, பயத்தில்.

"ஆண்டவரே, இவன் வெட்டியா விளையாடல. பந்தை எவன் பொறுக்கினாலும் ஃபர்ஸ்ட் பேஸுக்குத்தான் எறியறான். தரையில எறிவான், தலைக்கு மேல எறிவான். ஒரு காலை பேஸ்ல ஊனிக்கிட்டு, உடம்பை நீட்டி இவன் அதைப் புடிக்கணும். புடிச்சா எறிஞ்சவனுக்குக் கைதட்டு. விட்டா இவன் தலையில பழி. எட்டு வருஷமா இதைத்தான் செஞ்சான். இது வேலை இல்லைன்னா வேற எதுங்க ஆண்டவரே வேலை?"

ஒரு கண்ணைத் திறந்து, எல்லோரும் மூடியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு அவள் தொடர்ந்தாள்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். நாலு வயசுல இவன் இடது கையால சோறு எடுத்தான்னு, அந்தக் கையைத் துப்பட்டாவால நாற்காலியில கட்டிப் போட்டவ நான். நாலு பேர் என்ன சொல்வாங்களோன்னு பயந்து கட்டினேன். அந்தக் கையாலதான் இவன் இன்னைக்குப் பந்து எறியறான். என் பிள்ளையை ஒரு தடவை கட்டினது போதும். இப்ப இத்தனை பேரும் சேர்ந்து கட்டுறதைப் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன். நீர் ஒத்தாசை பண்ணினாலும் சரி, பண்ணலேன்னாலும் சரி, அவனுக்கு ஆடணும்னா அவன் ஆடுவான். ஆமென்."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. ஜெபசிங் பைபிளின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஆமென்" என்றான் ஆட்ரியன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான், போனை எடுத்தான்.

பால்துரைக்குப் பொறுக்கவில்லை. "ஏலேய், இவனுங்களும் உன்னை அனுப்பிட்டானுங்கன்னா என்னடா பண்ணுவே?"

"தென் ஐ வில் கால் தி நெக்ஸ்ட் டீம், டாட்."

கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் மேனேஜரின் நம்பரை அழுத்தினான்.