ஓரகத்தியின் கண்டுபிடிப்பு

அந்த வீட்டின் மருமகள்கள் இருவருக்கும் ஒரே ஆய்வகத்தில்தான் வேலை. கல்லீரலில் புற்றுநோய் எப்படி உண்டாகிறது என்று ஆராயும் இடம். மூத்தவள் அங்கே பழம் தின்று கொட்டை போட்டவள். கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த சின்னவளுக்கு அங்கே இடம் வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

செல்கள் கண்டபடி பெருகாமல் இழுத்துப் பிடிக்கும் மரபணு ஒன்று உண்டு. கட்டியிலிருந்து எடுத்த செல்களில் அது வேலை செய்யவில்லை. எங்கோ எழுத்துப் பிழை விழுந்திருக்க வேண்டும் என்று மூத்தவள் வருஷக்கணக்கில் அதை எழுத்தெழுத்தாகப் படித்தாள். பிழை அகப்படவில்லை. சின்னவள் பிழையைத் தேடவேயில்லை. மரபணுவின் தொடக்கத்தில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்த்தாள். மெத்தில் என்னும் சின்னஞ்சிறு ரசாயனத் துணுக்குகள் அங்கே அப்பிக் கிடந்தன.

அன்று சாப்பிடும்போது மாமியார் விசாரித்தார். அவருடைய கணவரைக் கொண்டுபோனதும் இதே நோய்தான்.

“மரபணு நல்லாத்தான் இருக்கு அத்தை. அதோட வாயைப் பொத்தி வச்சிருக்கு, அவ்வளவுதான். அந்தத் துணுக்கை எடுக்கிற மருந்தைப் போட்டா மறுபடி பேசுது, செல் வளர்றதும் குறையுது,” என்றாள் சின்னவள். “இப்போ தட்டுல வளர்க்கிற செல்லுலதான். மனுஷங்க வரைக்கும் போக ரொம்ப தூரம் இருக்கு.”

“எனக்கே புரியுதே,” என்ற மாமியார் மூத்தவள் பக்கம் திரும்பினார். “நீயும்தான் இத்தனை வருஷமா சொன்னே. ஒண்ணும் மண்டையில ஏறலை.”

மூத்தவள் சிரித்து வைத்தாள். வயிறு பற்றி எரிந்தது.

சின்னவள் குழாய்களை மாற்றி வைத்திருப்பாள், மருந்தின் அளவு தப்பியிருக்கும் என்று மனம் குற்றம் தேடியது. அதே சோதனையைச் செய்து பார்த்துக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தாள். தன் பங்குக்கு உறைபெட்டியில் கிடந்த செல்களை எடுத்து வளர்த்தாள். பாதிக்கு மருந்து, பாதிக்கு வெறும் கரைசல். யாரிடமும் மூச்சு விடவில்லை.

“என்னக்கா, முகமே சரியில்லை?” என்று சின்னவள் கேட்டபோது, “தலைவலி” என்றாள்.

முடிவு திரையில் வந்தது. மருந்து போடாத செல்களில் மரபணு வாயே திறக்கவில்லை. போட்டவற்றில் கோடு கிடுகிடுவென்று ஏறியிருந்தது, சின்னவள் காட்டியதைவிட உயரமாக. அழித்துவிடலாமா என்று ஒரு கணம் விரல் துறுதுறுத்தது. தான் மாய்ந்து மாய்ந்து படித்த மரபணு கடைசியில் பேசிவிட்டதே என்று ஒரு சந்தோஷமும் வந்தது. அந்தச் சந்தோஷம் எரிச்சலைத்தான் கூட்டியது.

படத்தை அச்செடுத்துச் சின்னவளின் மேஜையில் வைத்தாள்.

சின்னவள் நெடுநேரம் பார்த்தாள். “நான் செஞ்சது தப்பா இருக்கும்னு நினைச்சீங்களாக்கா?”

“இருக்கணும்னு நினைச்சேன்.”

சின்னவள் முகம் வாடியது. பிறகு மெல்லச் சொன்னாள்: “இன்னொருத்தர் செஞ்சும் இதே வந்தாத்தான் ஆராய்ச்சிக் கட்டுரையை அனுப்பணும்னு நம்ம ஆய்வகத் தலைவர் சார் கறாரா சொல்லிட்டார். உங்ககிட்ட கேக்கத்தான் பயந்துக்கிட்டிருந்தேன்.”

“என்ன பயம்?”

“உங்க மூஞ்சியைப் பார்த்துத்தான்.”

மூத்தவளுக்குத் தன்னையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது.

கட்டுரை இருவர் பெயரிலும் வெளிவந்தது. மாமியார் அதை அக்கம்பக்கத்தில் காட்டிப் பீற்றிக்கொண்டார். சின்னவளின் பெயர் முதலில் இருந்தது. அதுதான் நியாயம் என்று மூத்தவளுக்குத் தெரியும். ஆனாலும் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் கண் அங்கேதான் போய்க் குத்திட்டு நின்றது. அந்த வாரமே வேறொரு மரபணுவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சின்னவளிடம் சொல்லவில்லை.